இறந்தவரின் சொத்தைத் தீர்த்து வைக்க எவ்வளவு கட்டணம்? தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

டர்பனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இறந்தோரின் சொத்துக் கணக்குகளை எழுதும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இந்தப் பதில்களை எழுதுகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டு வந்து நிற்கும் குடும்பங்களிடம் நான் கேட்டதெல்லாம் பெரும்பாலும் ஒரே அச்சத்தைத்தான்: "இதற்கு எவ்வளவு ஆகும் ஐயா?" அந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே, கையெழுத்திடும் முன்பே, வெளிப்படையாகக் கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்காமல் போனவர்கள் இழந்த தொகை சில வேளைகளில் ஒரு பிள்ளையின் ஓராண்டுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்குச் சமமாக இருந்தது. இங்கே சொல்லியிருப்பவை தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கு மட்டுமே பொருந்தும்.

புரொபேட் என்று ஊரில் சொல்கிறார்களே, அது இங்கும் உண்டா?

நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்; சென்னையில் உறவினர் வைத்திருப்பவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் உயிலை மெய்ப்பிக்கத் தனியாக நீதிமன்ற வழக்கு எதுவும் தொடுக்க வேண்டியதில்லை. 1965-ஆம் ஆண்டின் 66-ஆம் எண் சொத்து நிர்வாகச் சட்டத்தின்படி, மரணம் பற்றிய அறிவிப்பையும் மூல உயிலையும் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர், அதாவது இறந்தோர் சொத்து நிர்வாகத்தை மேற்பார்க்கும் அதிகாரியின், அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். குவாசூலு-நேட்டாலில் அந்த அலுவலகம் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இருக்கிறது. மாஸ்டர் உயிலை ஏற்றுக்கொண்டு, எக்சிகியூட்டர் எனப்படும் நிர்வாகிக்கு நியமனக் கடிதம் வழங்குகிறார். அந்தக் கடிதம் கையில் வரும்வரை இறந்தவரின் வங்கிக் கணக்கையோ வாகனத்தையோ எவரும் தொடக் கூடாது, மூத்த மகனும்கூட.

அறிவிப்பை 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். நம் வீடுகளிலோ பதினாறாம் நாள் முடியும்வரை இத்தகைய காகிதங்களைக் கையில் எடுப்பதில்லை. ஓரிரு நாள் தாமதத்துக்காக எவரும் தண்டிக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. ஆனால் பதினாறு நாள் பதினாறு மாதமாக இழுபட்ட குடும்பங்களையும் கண்டிருக்கிறேன். அந்தத் தாமதத்தின் செலவு பிற்பாடு கணக்கில் ஏறிவிடும்.

நிர்வாகிக்குச் சட்டப்படி எவ்வளவு கொடுக்க வேண்டும்?

இறந்தவர் தம் உயிலில் ஒரு தொகையையோ விகிதத்தையோ குறிப்பிட்டிருந்தால், அதுதான் கட்டணம். உயில் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றாலோ, உயிலே இல்லை என்றாலோ, விதிகளில் உள்ள விகிதம் பொருந்தும்: சொத்துகளின் மொத்த மதிப்பில் 3.5 சதவீதம், மரணத்துக்குப் பிறகு வசூலான வாடகை, வட்டி போன்ற வருமானத்தில் 6 சதவீதம். நிர்வாகி மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்தவராக இருந்தால், இந்தக் கட்டணத்தின் மேல் 15 சதவீத வரியும் சேரும். வழக்கறிஞர் நிறுவனங்களும் வங்கிகளின் சொத்துப் பிரிவுகளும் பொதுவாக அவ்வாறு பதிவு செய்தவையே.

தக்க காரணம் இருந்தால் இந்தக் கட்டணத்தைக் குறைக்கவோ கூட்டவோ மாஸ்டருக்கு அதிகாரம் உண்டு. நிர்வாகி தம் கடமையில் தவறியிருந்தால் கட்டணமே இல்லையென்று மறுக்கவும் அவரால் முடியும்.

"மொத்த மதிப்பு" என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

குடும்பங்கள் ஏமாறும் இடமே இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மொத்த மதிப்பு என்றால் கடனைக் கழிக்காத மதிப்பு. வீட்டின் மேல் வங்கிக் கடன் பாதி நிற்கிறதே, நமக்குச் சொந்தம் பாதிதானே என்று நாம் நினைக்கிறோம். கட்டணம் முழு வீட்டின் மேல் கணக்கிடப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். சாட்ஸ்வர்த்தில் 1,200,000 ராண்ட் மதிப்புள்ள வீடு, 90,000 ராண்ட் மதிப்புள்ள கார், வங்கியில் 60,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,350,000 ராண்ட். இதில் 3.5 சதவீதம் 47,250 ராண்ட். அதன் மேல் வரி 7,087.50 ராண்ட். இரண்டும் சேர்ந்து 54,337.50 ராண்ட். இப்போது அந்த வீட்டின் மேல் 500,000 ராண்ட் கடன் இருந்தால், குடும்பத்துக்கு உண்மையில் மிஞ்சுவது 850,000 ராண்ட்தான். அந்த மிச்சத்தோடு ஒப்பிட்டால் கட்டணம் 3.5 சதவீதமாக இல்லை, ஏறத்தாழ 6.4 சதவீதமாக இருக்கிறது. வங்கியில் இருந்த 60,000 ராண்டில் பெரும்பகுதி இதற்கே போய்விடுகிறது.

பின்கட்டில் வாடகைக்கு ஒருவர் குடியிருந்து, மாதம் 6,000 ராண்ட் வீதம் பத்து மாத வாடகை வசூலாகியிருந்தால், அந்த 60,000 ராண்டின் மேல் 6 சதவீதமாக 3,600 ராண்டும் அதற்கான வரி 540 ராண்டும் கூடும்.

கணவன் மனைவி சொத்துச் சமூக முறையில், அதாவது இருவர் சொத்தும் ஒன்றாகக் கலந்த முறையில், பதிவுத் திருமணம் செய்திருந்தால், ஒருவர் இறந்ததும் இருவரின் கூட்டுச் சொத்தும் சேர்ந்தே நிர்வாகத்துக்கு வருகிறது. எனவே உயிருடன் இருக்கும் மனைவியின் பாதியும் கட்டணக் கணக்கில் அடங்கும். பல தாய்மார்கள் இதை நம்ப மறுத்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் உண்டு, ஆனால் நடைமுறை அப்படித்தான் இருக்கிறது.

எதன் மேல் கட்டணம் இல்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆயுள் காப்புறுதியில் பயனாளியாக ஒருவர் பெயர் குறிக்கப்பட்டிருந்தால் அந்தப் பணம் நேராக அவரிடம் போகிறது. நிர்வாகியின் கைக்கு வராததால் அவருக்கு அதில் கட்டணமும் இல்லை. ஓய்வூதிய நிதியிலிருந்து வரும் மரணப் பயனும் பொதுவாகச் சொத்துக்கு வெளியே, நிதியின் அறங்காவலர்கள் சார்ந்திருப்போரைக் கண்டறிந்து பிரித்துக் கொடுக்கும் தொகையாகும். இவற்றையும் சேர்த்துக் கட்டணம் போட்ட ஒரு வரைவுக் கணக்கை நான் கண்டதுண்டு. குடும்பம் கேட்ட பிறகு அது திருத்தப்பட்டது.

3.5 சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சட்டம் தருவது உயிலில் வேறு ஏற்பாடு இல்லாதபோது நிர்வாகி கோரக்கூடிய விகிதம். அதைக் கட்டாயம் முழுதாக எடுத்தே தீர வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒரே வீடு, ஒரே வங்கிக் கணக்கு, சண்டையில்லாத மூன்று பிள்ளைகள் என்று எளிதாக இருக்கும் சொத்துக்கு 2 சதவீதத்துக்கும் அதற்குக் கீழும் ஒப்புக்கொண்ட வழக்கறிஞர்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். கேட்காதவருக்கு அவர்களே முன்வந்து குறைத்ததை நான் பார்த்ததில்லை.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தயக்கம். செத்த வீட்டில் பேரம் பேசுவதா என்று கூசுகிறார்கள். ஆனால் பந்தலுக்கும் வாகனத்துக்கும் விலை கேட்கத்தானே செய்கிறோம். ஒப்புக்கொண்ட விகிதத்தை எழுத்தில் வாங்குங்கள். அது வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். வழக்கறிஞரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் அதிகார ஆவணத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இதைச் செய்தால் பேச்சு சுமுகமாக முடியும். கையெழுத்திட்ட பிறகு கேட்டால், கோப்பு ஏற்கெனவே அவர்கள் மேசையில் இருக்கும்.

வங்கியில் அப்பாவுக்கு இலவசமாகவே உயில் எழுதிக் கொடுத்தார்களே?

எழுதியது இலவசம்தான். அந்த உயிலின் முதல் பக்கத்தில் நிர்வாகியாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த நிறுவனமே இருக்கும். முழு விகிதக் கட்டணமும் அப்போதே உறுதியாகிவிட்டது என்பது அதன் பொருள். இதில் ஏமாற்று எதுவுமில்லை, நிறுவனங்கள் வேலையைச் செய்தும் முடிக்கின்றன. ஆனால் அப்பா உயிருடன் இருக்கும்போது பத்து நிமிடம் செலவிட்டு, "நிர்வாகியின் கட்டணம் இத்தனை சதவீதத்துக்கு மேற்படக் கூடாது" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருக்கலாம், அல்லது மகளை நிர்வாகியாகக் குறித்திருக்கலாம். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்ற அவருக்கு உரிமை இருந்தது. இறந்த பிறகும் நிறுவனத்திடம் விகிதத்தைக் குறைக்கக் கேட்கலாம், பொறுப்பை ஏற்காமல் விலகிக்கொள்ளவும் கேட்கலாம்; சம்மதிப்பது அவர்கள் விருப்பம்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் தேசிய உயில் வாரம் நடக்கிறது. அதில் பங்குகொள்ளும் வழக்கறிஞர்கள் அடிப்படை உயிலைக் கட்டணமின்றி எழுதித் தருகிறார்கள். அப்போதும் நிர்வாகி யார் என்ற கேள்வியை நீங்களே எழுப்ப வேண்டும்.

பிள்ளையே நிர்வாகியாக இருந்தால் வழக்கறிஞர் தேவையில்லைதானே?

உயிலில் பிள்ளையின் பெயர் இருந்தால் அவரே நியமனம் பெறலாம். ஆயினும் சொத்து 250,000 ராண்டுக்கு மேல் இருந்தால், தொழில் அனுபவம் இல்லாத ஒருவர் வழக்கறிஞரையோ கணக்காளரையோ துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மாஸ்டர் அலுவலகம் வழக்கமாக வற்புறுத்துகிறது. அப்படி வைக்கும் வழக்கறிஞர் நிர்வாகியின் முகவராகிறார். அவருடைய ஊதியம் நிர்வாகியின் கட்டணத்திலிருந்து வர வேண்டுமே தவிர, அதன் மேல் இன்னொரு கட்டணமாக வரக் கூடாது. பேரம் பேசுவதற்கு மிகவும் வசதியான நிலை இதுதான், ஏனென்றால் முகவரைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும் உங்கள் கையில் இருக்கிறது.

நிர்வாகியாக இருக்கும் பிள்ளை தமக்கென்று கட்டணம் எடுத்தால் அது அவருடைய வருமானமாகக் கருதப்பட்டு வருமான வரிக்கு உட்படும். பங்காக வரும் சொத்துக்கு அத்தகைய வருமான வரி இல்லை. ஆகவே அவர் ஒருவரே வாரிசு என்றால் கட்டணத்தைக் கைவிடுவதே இலாபம். உடன்பிறந்தோர் பலர் இருந்து, அலைச்சல் முழுவதும் ஒருவர் தலையில் விழுந்திருந்தால், அவர் ஒரு தொகையை எடுத்துக்கொள்வது நியாயமே. அதைக் கணக்கு வெளிவரும் நாளில் அறிவிக்காமல், முதல் நாளே மற்றவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லாததால் பொங்கலுக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் போன உடன்பிறந்தோரை நான் அறிவேன்.

இறந்தவரின் பெற்றோர், துணைவர், பிள்ளை ஆகியோர் நிர்வாகியானால் பிணைப் பத்திரம் தர வேண்டியதில்லை. உயிலில் விலக்கு அளிக்கப்படாத மருமகனோ நண்பரோ நிர்வாகியானால், காப்புறுதி நிறுவனத்திடம் பிணை வாங்க நேரிடும். அதன் சந்தா சொத்திலிருந்து போகும்.

சொத்து மிகச் சிறியது. அப்போதும் இவ்வளவும் வேண்டுமா?

வேண்டாம். மதிப்பு 250,000 ராண்டைத் தாண்டாத சொத்துக்கு, சட்டத்தின் 18(3) பிரிவின்கீழ் மாஸ்டர் நிர்வாகி நியமனத்துக்குப் பதிலாக அதிகாரக் கடிதம் வழங்கலாம். கடன்காரர்களுக்கான விளம்பரமும் முறையான இறுதிக் கணக்கும் அதற்குத் தேவையில்லை. மாஸ்டர் அலுவலகக் கட்டணமும் இல்லை. மரண அறிவிப்புக்கு ஜே 294, சொத்துப் பட்டியலுக்கு ஜே 243, பொறுப்பேற்புக்கு ஜே 155 என்ற படிவங்களை நிரப்பி, மரணச் சான்றிதழோடும் அடையாள அட்டை நகல்களோடும் குடும்பத்தாரே கொண்டுபோய்க் கொடுக்கலாம். இந்த வேலைக்குப் பெருந்தொகை கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா அப்பாவுக்குக் கோயிலில் கல்யாணம். பதிவு செய்யவே இல்லை. அம்மாவுக்குப் பங்கு உண்டா, அதை நிரூபிக்கச் செலவாகுமா?

உண்டு. 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம், ஒரே மனைவியோடு இந்து முறைப்படி நடந்த திருமணத்தின் துணைவரும் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் துணைவரே என்று தீர்ப்பளித்தது. ஆகவே உயில் இல்லாமல் கணவர் இறந்தால், மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்குக்குச் சமமான பங்கு அல்லது 250,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அது கிடைக்கும்.

இந்த உரிமை எளிதில் வந்ததன்று. 1913-இல் கேப் மாகாணத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறையில் நடவாத திருமணங்களைச் சட்டத்தின் பார்வையில் இல்லாதவையாக்கியது. அந்த அவமதிப்பும் சேர்ந்துதான் பெண்களைச் சத்தியாக்கிரகத்துக்கு இழுத்து வந்தது. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். மாஸ்டர் அலுவலக வரிசையில் ஒரு தாய் தன் கல்யாணப் படத்தை நீட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வரும்.

செலவைப் பொறுத்தவரை, கோயில் கொடுத்த திருமணச் சான்று, படங்கள், சடங்கை நடத்திய குருக்களின் அல்லது இரு குடும்பத்துப் பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை பெரும்பாலும் போதும். உறுதிமொழிப் பத்திரத்தைக் காவல் நிலையத்திலேயே கட்டணமின்றி உறுதிப்படுத்திக்கொள்ளலாம். வேறொரு பெண்ணோ பிற பிள்ளைகளோ உரிமை கோரினால்தான் வழக்கும் வழக்குச் செலவும் வரும். அந்தச் செலவு நிர்வாகக் கட்டணத்தில் அடங்காது. பதிவு இல்லாத திருமணத்தில் கூட்டுச் சொத்து உருவாவதில்லை என்பதால், அம்மாவின் நகைகள் அம்மாவுடையவையே. அவற்றை அப்பாவின் சொத்துப் பட்டியலில் சேர்த்து அதற்கும் கட்டணம் கணக்கிட விடாதீர்கள்.

வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. என்ன செய்வது?

சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இது வீட்டுக்கு வீடு இருக்கும் கதை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தால் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் பெயர்க்கப்பட்ட நம் மக்கள் 1960-களில் சாட்ஸ்வர்த்துக்கு வந்தார்கள்; நகராட்சி வீடுகள் பிறகு பத்திரமாகிக் குடும்பத் தலைவர் பெயரில் பதிவாயின. தாத்தா போனார், பாட்டி போனார், அப்பாவும் போனார். வீட்டு வரியைப் பேரன் கட்டிக்கொண்டிருக்கிறார். பத்திரம் மட்டும் அசையவே இல்லை.

சட்டத்தின் பார்வையில் இங்கே இருப்பவை தனித்தனிச் சொத்துகள். தாத்தாவின் சொத்தை நிர்வகித்து, அதிலிருந்து அப்பாவுக்கு வந்த பங்கை அப்பாவின் சொத்தில் சேர்த்து, அதையும் நிர்வகிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு, தனிக் கணக்கு, தனிக் கட்டணம். இதனால்தான் காத்திருப்பது மலிவானதாகத் தோன்றினாலும் மலிவானதன்று.

குறைக்கும் வழிகள் உண்டு. பழைய கோப்பு ஏற்கெனவே திறக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்; பழைய நேட்டால் சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாரிசுகள் அனைவரும் இசைந்தால், மறுபங்கீட்டு ஒப்பந்தம் எழுதி, வீட்டை ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொத்திலுள்ள பணத்தையோ வேறு பொருளையோ கொடுத்துவிடலாம். அதனால் இடையில் வரும் பத்திர மாற்றங்கள் மிச்சமாகும். இரண்டு மூன்று கோப்புகளையும் ஒரே வழக்கறிஞரிடம் கொடுத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை பேசிக்கொள்வதும் நல்லது.

பெயர் எழுத்துகளுக்காகவும் தயாராக இருங்கள். தாத்தாவின் பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பத்திரத்தில் மூன்றாவது விதமாகவும் பெயர் இருக்கும். ஒரு கோப்பில் "முனியம்மா" என்ற பெயர் ஐந்து ஆவணங்களில் ஐந்து எழுத்துக்கூட்டல்களில் இருந்ததை நானே வரிசையாக எழுதி, ஐவரும் ஒருவரே என்று மகளிடம் உறுதிமொழி வாங்கியிருக்கிறேன். உள்துறை அலுவலகத்தில் திருத்தம் வாங்க நேர்ந்தால் மாதங்கள் கழியும். உயிருடன் இருக்கும் பெரியவர்களின் பெயர்களை இப்போதே சரிசெய்து வையுங்கள்.

நிர்வாகிக் கட்டணம் தவிர வேறு என்னென்ன செலவுகள் வரும்?

மாஸ்டர் அலுவலகக் கட்டணம் சிறியதுதான். மொத்த மதிப்பு 250,000 ராண்டிலிருந்து 400,000 ராண்டுக்குள் இருந்தால் 600 ராண்ட். அதற்கு மேல் முழுமையான ஒவ்வொரு 100,000 ராண்டுக்கும் 200 ராண்ட் கூடும். எவ்வளவு பெரிய சொத்தானாலும் 7,000 ராண்டைத் தாண்டாது. மேலே சொன்ன 1,350,000 ராண்ட் சொத்துக்கு இது 2,400 ராண்ட் ஆகும். கடன்காரர்களை அழைக்கவும், கணக்கைப் பார்வைக்கு வைத்திருப்பதை அறிவிக்கவும் அரசிதழிலும் உள்ளூர்ச் செய்தித்தாளிலும் இரு முறை விளம்பரம் செய்ய வேண்டும். அதன் செலவு சொத்தைச் சேர்ந்தது. மதிப்பீட்டாளர் ஊதியம், வங்கிக் கட்டணம் ஆகியவையும் அவ்வாறே.

வீடு இருந்தால் பெரிய செலவு பத்திர மாற்றத்தில் இருக்கிறது. அதைக் கன்வேயன்சர் எனப்படும் பத்திரப் பதிவு வழக்கறிஞர்தான் செய்ய முடியும். அவருக்கான ஊதியம் வீட்டின் மதிப்பைப் பொறுத்த வழிகாட்டு அட்டவணைப்படி அமையும். இதையும் பேசிக் குறைக்கலாம். வாரிசுரிமையாக வரும் வீட்டுக்குப் பத்திர மாற்று வரி இல்லை. ஆனால் நகராட்சியிடம் பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். பல வருடத் தண்ணீர், மின்சாரப் பாக்கி அந்த நேரத்தில்தான் மொத்தமாக முன்னே வந்து நிற்கும். நிர்வாகியாக இருக்கும் வழக்கறிஞரின் அலுவலகமே பத்திர மாற்றத்தையும் செய்தால், இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் கட்டண மதிப்பீட்டைக் கேளுங்கள். இறந்தவரின் வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்ததற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மேல் அரசு விதிக்கும் வரி (எஸ்டேட் டூட்டி) எங்களுக்கு வருமா?

பெரும்பாலான குடும்பங்களுக்கு வராது. நிகர மதிப்பில் முதல் 3,500,000 ராண்டுக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் 20 சதவீதம், 30,000,000 ராண்டுக்கு மேல் 25 சதவீதம். துணைவருக்குப் போகும் பங்குக்கு வரி இல்லை. முதலில் இறந்தவர் பயன்படுத்தாத விலக்கு, பின்னர் இறக்கும் துணைவரின் சொத்துக்கும் பயன்படும்.

கட்டணத்தை எப்போது கொடுக்க வேண்டும்? முன்பணம் கேட்கிறார்கள்.

கணக்கு முடிந்து, சொத்து பங்கிடப்படும்வரை நிர்வாகி தம் ஊதியத்தை எடுக்கக் கூடாது; முன்கூட்டியே எடுக்க மாஸ்டரின் எழுத்து மூல ஒப்புதல் வேண்டும். விளம்பரச் செலவு போன்றவற்றுக்குச் சிறு தொகை கேட்பது வேறு, ஊதியத்தையே முன்பணமாகக் கேட்பது வேறு. பின்னதைக் கேட்பவரிடம், எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள்.

நியமனக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. அவகாசம் கேட்டு நீட்டிப்பது வழக்கம். ஓராண்டுக்கு மேல் போவதும் சாதாரணமே. அதுவரை அடுப்பெரிய வேண்டுமே என்று கவலைப்படும் தாய்மாருக்கு ஒரு செய்தி: குடும்பப் பராமரிப்புக்காக ஒரு தொகையை முன்னதாகவே விடுவிக்கும்படி நிர்வாகியைக் கேட்கலாம், மாஸ்டரின் ஒப்புதலோடு அவர் அதைச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. இதை அவராகவே சொல்லுவார் என்று காத்திருக்க வேண்டாம்.

வீடு மட்டும்தான் இருக்கிறது, ரொக்கம் இல்லை. கட்டணத்தை எதிலிருந்து கொடுப்பது?

கடனுக்கும் செலவுக்கும் போதிய ரொக்கம் சொத்தில் இல்லாவிட்டால், வாரிசுகள் தங்கள் கைப்பணத்தைச் செலுத்தி வீட்டைக் காப்பாற்றலாம். இயலாவிட்டால் நிர்வாகி வீட்டை விற்க நேரிடும். கட்டணத்தைக் கட்ட வழியில்லாமல் வீடு கைமாறிய குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன், அந்த வேதனை சொல்லித் தீராது. அப்பா அம்மா உயிருடன் இருக்கும்போதே, சொத்தைத் தீர்க்கும் செலவுக்கென்று ஒரு சிறு காப்புறுதித் தொகை சொத்துக்கே வந்து சேரும்படி ஏற்பாடு செய்வது பெரிய உதவி. அந்தத் தொகையின் மேலும் 3.5 சதவீதம் கணக்கிடப்படும் என்றாலும், வீடு நிலைக்கும்.

கணக்கில் கட்டணம் தவறாக இருப்பதாகத் தோன்றினால் எங்கே சொல்வது?

கணக்கு மாஸ்டர் அலுவலகத்திலும், இறந்தவர் வேறு மாவட்டத்தில் வசித்திருந்தால் அங்குள்ள மாஜிஸ்திரேட் அலுவலகத்திலும், குறைந்தது 21 நாட்கள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். வாரிசு எவரும் போய்ப் பார்க்கலாம். நிர்வாகச் செலவு என்ற தலைப்பின்கீழ் உள்ள ஒவ்வொரு வரியையும் படியுங்கள். நிர்வாகியின் கட்டணத்துக்குக் கீழே "தொழில்முறைக் கட்டணம்" என்று இன்னொரு தொகை இருந்தால், அது எந்த வேலைக்கு என்று கேளுங்கள்; கடிதம் எழுதியதும் வங்கிக்குப் போனதும் ஏற்கெனவே நிர்வாகிக் கட்டணத்தில் அடங்கியவை. அந்த நாட்களுக்குள் மாஸ்டருக்குக் காரணத்தோடு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். இதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. மாஸ்டரின் முடிவு உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் 30 நாட்களுக்குள் நீதிமன்றத்தை அணுகலாம், ஆனால் அந்தச் செலவைச் சீர்தூக்கிப் பார்த்த பிறகே அணுகுங்கள்.

வழக்கறிஞரின் நடத்தையில் குறை என்றால் சட்டத்தொழில் மன்றத்திடம் முறையிடலாம். அவர் பொறுப்பில் இருந்த பணம் களவு போயிருந்தால், சட்டத்தொழிலாளர் நம்பக நிதியிடம் இழப்பீடு கோரலாம். இந்தப் பாதுகாப்பு உரிமம் இல்லாத "சொத்து ஆலோசகர்" எவரிடமும் கிடைக்காது.

பாட்டி தன் கைப்பட எழுதிய தமிழ் உயில் ஒன்று இருக்கிறது. செல்லுமா?

உயில் எந்த மொழியிலும் இருக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் பாட்டியின் கையெழுத்தும், 14 வயது நிறைந்த இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டதும் முக்கியம். சாட்சியாகக் கையெழுத்திட்ட பிள்ளைக்கு அந்த உயிலின் வழி பங்கு கிடைப்பது பொதுவாகத் தடைப்படும். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டிவரும். பக்கக் கணக்கில் வாங்கும் அந்தச் செலவும் சொத்துச் செலவே. இந்த நாட்டில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு அவ்வாறு மொழிபெயர்க்கத் தகுதி பெற்றவர்கள் மிகச் சிலர் என்பதால், அவரைத் தேடும் வேலையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். மூல உயிலைத் துளையிடாமல், பக்கங்களைப் பிரிக்காமல், ஓர் உறையில் வைத்து, மாஸ்டரிடம் கொடுக்கும் முன் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.